பழைய மாணவியின் தம்பி

அந்த இறுதிப் போட்டியின் வீடியோ எங்கள் வீட்டுக்கு வந்து சேரச் சில மாதங்கள் பிடித்தன. எடுத்தவர் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர். அவருக்கு உதைபந்தாட்டமும் ஒரு கல்யாணம்தான். எங்கள் அணி கோல் போட்டபோது திரையின் நான்கு மூலைகளிலிருந்தும் ரோசாப்பூக்கள் விரிந்தன. எதிரணி கோல் போட்டபோதும் அதே பூக்கள். ஆட்டம் முழுவதற்கும் மேலே சினிமாப் பாட்டுகளை ஏற்றிவிட்டிருந்தார். மைதானத்தில் யார் என்ன கத்தினார்கள் என்று ஒன்றும் கேட்காது. தோற்ற பிறகு நாங்கள் அழுத இடத்துக்கு மட்டும் புல்லாங்குழல்.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். கடைசி நிமிடத்தில் எங்கள் ஆள் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்தக் கம்பத்தை நினைத்து நான் அந்தக் கோடை முழுவதும் துக்கப்பட்டேன். துக்கப்பட வேண்டிய இடம் வேறு என்று வீடியோதான் காட்டியது.

‘நாங்கள்’ என்பது யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் பழைய மாணவர்கள். எங்கள் ஊரில் ஆறாம் வகுப்புப் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரி என்றுதான் பெயர். அங்கே படித்துவிட்டு ஜேர்மனியின் ஏதேதோ நகரங்களில் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறவர்கள், வருடத்தில் ஒரு கோடை நாள் டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு நகரசபை மைதானத்தில் கூடுவார்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் அணி. கொடி, கீதம், பிரதம விருந்தினர், மாலை, கிண்ணம் எல்லாம் உண்டு. நாற்பது வயதுக்காரர்கள் கல்லூரி நிறத்தில் புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு இறங்கி, சிறிது நேரத்திலேயே முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். இளம் பிள்ளைகள் இல்லாமல் எந்த அணியும் கரை சேராது. அதனால் விதியை இப்படி வைத்திருந்தார்கள்: பழைய மாணவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், உடன்பிறந்தவர்களும் ஆடலாம்.

என் தம்பி அந்த அணியில் ஆடியது என்னால்தான். அப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மீன் சந்தையில் ஐஸ் கட்டிகளை உடைத்துப் பெட்டிகளுக்குப் போடுகிற வேலை செய்தவர். அம்மா தன் பெயரை எழுதப் பழகியதே ஜேர்மனிக்கு வந்த பிறகு, வதிவிட அலுவலகத்தில் கையெழுத்து வைப்பதற்காக. எங்கள் குடும்பத்தில் அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டி மாணவியாக உள்ளே போன முதல் ஆள் நான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். கழுத்துப் பட்டி கட்டத் தெரிந்த ஒருவர் எங்கள் ஒழுங்கை வீடுகளில் இல்லை. முதல் நாள் அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு நடந்து வந்து, வாசலில் நின்ற பெரிய வகுப்பு அக்கா ஒருவரிடம் கொடுத்து, “இதை ஒருக்காக் கட்டிவிடுங்கோ” என்றார். மூன்று வருடம் படித்தேன். அதற்கிடையில் ஜேர்மனிக்கு வந்துவிட்ட அப்பா பிறகு எங்களை இங்கே கூப்பிட்டுக்கொண்டார். தம்பி அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது.

இங்கே நான் உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஆனாலும் யாராவது “எங்க படிச்சனீ பிள்ளை?” என்று கேட்டால் நான் முதலில் சொல்வது கல்லூரியின் பெயரைத்தான். அது எனக்குப் பரம்பரையாக வரவில்லை, யாரும் தரவும் இல்லை. நானே எடுத்தது.

பழைய மாணவர் சங்கத்துக்கும் நான் உதவியாகத்தான் இருந்தேன். மைதானம் கேட்டு நகரசபைக்கு ஜேர்மன் மொழியில் எழுதுவது நான். கீதம் பாடுவதும் நான். அண்ணைமாருக்கு முதல் பத்தி மட்டும் மனப்பாடம். இரண்டாம் பத்தியில் எல்லோரும் ‘ம்ம்ம்’ என்று இழுத்து, நெஞ்சில் வைத்த கையை மெல்ல எடுத்துத் தலையைச் சொறிவார்கள். எனக்கு மூன்று பத்தியும் வரும். ஒரு வருடம் நான் கூட்டத்தில் நின்று தனியாகப் பாடி முடித்ததைக் கேட்டுவிட்டு, அடுத்த வருடத்திலிருந்து ஒலிவாங்கியை என் கையில் தந்துவிட்டார்கள்.

சங்கத்தின் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தது, அந்த இறுதிப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்னால். கல்லூரியில் ஒரு காலத்தில் மாணவர் தலைவராக இருந்தவர், இங்கே ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், நன்றாகக் கதைப்பவர். தம்பி அப்போது எங்கள் பகுதிக் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தான். அம்மா வடை சுட்டிருந்தா.

“தம்பி, பின்னுக்கு நிப்பியோ முன்னுக்கோ?” என்று தலைவர் கேட்டார்.

“எங்க விட்டாலும் சரி,” என்றான் தம்பி.

“அப்பிடிச் சொல்லாதை. எங்கட பின்பக்கம் சந்தைக் கதவு மாதிரி. வாறவன் போறவன் எல்லாம் வந்து போறான்.”

எல்லோரும் சிரித்தோம். அப்பா மட்டும் வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தியபடி, “அண்ணை, நான் அங்க படிக்கேல்லை. பிறகு ஆரும் ஏதும் சொல்லுவினம்,” என்றார்.

“நீங்கள் படிக்காட்டி என்ன? பிள்ளை படிச்சவ. பிள்ளையின்ர தம்பி எண்டா எங்கட பொடியன்தானே!”

அந்த வசனத்தை நான் பல நாள் எனக்குள் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பழைய மாணவனுக்குக் கிடைப்பது எனக்கும் கிடைத்தது. அவர்களுடைய பிள்ளைகள் அவர்களுடைய பெயரில் நிற்பதைப் போல என் தம்பி என் பெயரில் நிற்கப்போகிறான். அப்பாவின் முகத்தில் அன்று இருந்த கூச்சமும் சந்தோசமும் கலந்த ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தலைவர் போன பிறகு அப்பா, “நீ படிச்சது வீண் போகேல்லை,” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்துக்குக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

போட்டி அன்றைக்குத் தம்பி நன்றாக ஆடினான். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. காலையில் தொடங்கிய சுற்றில் எங்களுக்கு எதிராக ஒரு கோலும் விழவில்லை. இறுதி ஆட்டம் எங்கள் பக்கத்து ஊர்க் கல்லூரியோடு. அவர்களோடு ஊரிலும் எங்களுக்கு எப்போதும் போட்டி. இடைவேளைக்கு முன்பே நாங்கள் ஒரு கோல் போட்டோம். அவர்கள் இடைவேளைக்குப் பிறகு ஒரு தண்ட உதையில் சமப்படுத்தினார்கள். அதன் பிறகு பந்து அவர்களிடமே இருந்தது, ஆனால் தம்பியைத் தாண்ட முடியவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற மாமி ஒருவர், உதைபந்தாட்டம் ஒன்றும் தெரியாதவர், “அந்த நெடுவல் பொடியன் ஆரடி, காலால தையல் தைக்கிறான்!” என்றார். “என்ர தம்பி,” என்றேன்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது எதிரணி ஆட்கள் இருவர் ஏற்பாட்டாளர்களின் மேசைக்குப் போனார்கள். ஆட்டம் நின்றது. தம்பியைக் காட்டி ஏதோ சொன்னார்கள். எங்கள் தலைவர் மேசைக்குப் போனார். நான் மைதானத்தின் மறுகரையில் கொடியோடு நின்றேன். அவர் போகிற வேகத்தைப் பார்த்தே எனக்கு நம்பிக்கை வந்தது. விதி எங்கள் பக்கம், சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம். சற்று நேரத்தில் தம்பி வெளியே வந்தான். அவனுக்குப் பதிலாக முழங்காலில் பட்டி கட்டிய ஓர் அண்ணை இறங்கினார். பாவம், அவர் தன்னால் ஆனமட்டும் ஓடினார். அவர்களுடைய இரண்டாவது கோல் அவருக்குப் பக்கத்தால்தான் போனது. பிறகு கம்பம். பிறகு ஊதல்.

அன்று பின்னேரமே கதை உருவாகிவிட்டது. ஏற்பாட்டாளர்கள் பக்கச்சார்பு. விதியை மாற்றி எங்கள் கெட்டிக்காரனை வெளியே எடுத்துவிட்டார்கள். தலைவர் கடைசிவரை நியாயம் கதைத்தவர், கேட்க ஆள் இல்லை. அந்தக் கதையைக் கொலோனில் இருக்கிற ஆட்களுக்குத் தொலைபேசியில் நானே எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! கதை சொல்லும்போது தலைவரின் பங்கைக் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். மேசையில் கையால் அடித்தார் என்றேன். நான் நின்ற தூரத்துக்கு அவர் கையே தெரிந்திருக்காது.

வீடியோ வந்த அன்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். முதல் கோலுக்கு அம்மா கைதட்டினா. அந்தத் தகராறு தொடங்குகிற இடம் வரும்போது அப்பா எழும்பித் தேத்தண்ணீர் போடப் போனார். தம்பி, பயிற்சி இருக்கிறது என்று அதற்கு முதலே எழும்பிப் போய்விட்டான். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் வேலைக்குப் போன பிறகு தனியாகப் போட்டுப் பார்த்தேன். கம்பத்தில் பட்ட அந்தப் பந்தை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. தேடிக்கொண்டு போகையில் மேசைக் காட்சி வந்தது. வீடியோக்காரர் அந்த நேரம் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார், பிரதம விருந்தினர் அங்கே இருந்ததால். காதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் வருகிறார். ஏற்பாட்டாளர் ஒருவர் விதிகள் எழுதிய தாளை நீட்டுகிறார். தலைவர் அதை வாங்கவில்லை. எதிரணி ஆட்களில் ஒருவர் எதையோ சொல்லிச் சிரிக்கிறார். தலைவரும் சிரிக்கிறார். முகத்துக்கு முன்னால் பறக்கிற ஈயைத் தட்டிவிடுவதைப் போலக் கையை ஒருதரம் வீசுகிறார். அதன் பிறகு ஏற்பாட்டாளரின் தோளில் தட்டிவிட்டு, சில அடி தள்ளி நின்ற தம்பியைப் பார்த்து ‘வா’ என்று விரலால் கூப்பிடுகிறார். ஏற்பாட்டாளர் இன்னும் அந்தத் தாளை நீட்டியபடிதான் நிற்கிறார்.

சண்டை இல்லை. வாக்குவாதம் இல்லை. ஒரு சிரிப்பு அளவு நேரம்.

அடுத்த காட்சியில் வீடியோக்காரர் பார்வையாளர்களைக் காட்டினார். அதில் நான் இருந்தேன். கொடியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, தலைவருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தேன். அவர் எனக்காகக் கதைக்கிறார் என்று நினைத்து.

அந்த இடத்தில் நிறுத்தினேன். பிறகு ஓடவிட்டேன். பிறகு திருப்பினேன். ஒவ்வொரு தரமும் அவர் கையை வீசினார், ஒவ்வொரு தரமும் நான் கைதட்டினேன்.

தம்பி பள்ளிக்கூடத்தால் வந்ததும் கேட்டேன். அவன் குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, “இப்ப ஏன் அக்கா அது?” என்றான்.

“நீ பக்கத்திலதானே நிண்டனீ. தலைவர் என்ன சொன்னவர்?”

“ஒண்டுமில்லை.”

“சொல்லு.”

அவன் பால் போத்தலை எடுத்து மேசையில் வைத்தான். “அந்த மற்ற ஆள் கேட்டவர், ‘இவன்ர தேப்பன் உங்கட கல்லூரியில என்ன படிச்சவன், ஐஸ் உடைக்கவோ?’ எண்டு. இவர் சிரிச்சவர். ‘இவன் எங்கட பொடியன் இல்லை, ஆள் போதாமல் பிடிச்சுக்கொண்டு வந்தனாங்கள், எடுக்கிறன்’ எண்டு சொன்னவர்.”

“என்னைப் பற்றி?”

“உன்னைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.”

“நான் அங்க படிச்சனான் எண்டு?”

“சொல்லேல்லை அக்கா.”

பிறகு அவன் சொன்னதுதான் எனக்கு இன்னும் செமிக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததுமே அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அப்பா, “அக்காவுக்குச் சொல்லாதை, அவ சந்தோசமா இருக்கட்டும்,” என்றிருக்கிறார். நான் தொலைபேசியில் தலைவரின் வீரத்தைச் சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பக்கத்து அறையில் இருவரும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்காகச் செய்ததுதான், தெரியும். ஆனால் மைதானத்தில் என்னை இல்லை என்றார்கள், வீட்டில் எனக்குத் தெரியாமல் ஆக்கினார்கள். அன்று எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“உனக்குக் கோவம் வரேல்லையாடா?”

“எனக்கென்ன? நான் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்டதே இல்லை,” என்றான். “உனக்குத்தான் அது.”

சங்கக் கூட்டம் அந்த மாதக் கடைசியில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது தலைவரிடம் போனேன். இரண்டு மூன்று பேர் பக்கத்தில் நின்றார்கள். அது நல்லது என்று நினைத்தேன்.

“அண்ணை, வீடியோ பாத்தனான்.”

“வந்திட்டுதோ? எப்பிடி, என்ர தொப்பை தெரியுதோ?”

“மேசையில நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு தம்பி சொன்னவன்.”

அவர் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தார். “பிள்ளை, அது அந்த நேரத்துக் கதை. விருந்தாளி இருக்கிறார், சனம் பாக்குது. அவங்கள் நக்கலாக் கேக்கிறாங்கள். அதில நிண்டு குடும்ப விளக்கம் குடுக்கேலுமோ?”

“குடும்ப விளக்கம் இல்லை அண்ணை. ‘பழைய மாணவியின்ர தம்பி’ எண்டு சொன்னால் முடிஞ்சிருக்கும். விதியில இருக்கு.”

“விதியில பழைய மாணவர் எண்டுதான் இருக்கு.”

“நான் ஆர்?”

பக்கத்தில் நின்ற ஒருவர், “தங்கச்சி, விடுங்கோவன். ஒரு விளையாட்டுக்கு...” என்று தொடங்கினார். தலைவர் அவரைக் கையால் நிறுத்தினார். அவருக்கு என்னிடம் கோபம் இல்லை. குரலில் ஒரு கனிவு இருந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

“உன்னை இல்லை எண்டு ஆர் சொன்னது? நீ எங்கட பிள்ளை. உன்னை மாதிரிக் கீதம் பாட ஆர் இருக்கினம்? ஆனா பார், ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ர பேரைச் சொல்லி ஒரு குடும்பத்தையே உள்ளுக்கு எடுக்கிறதெண்டா, நாளைக்கு ஆக்கள் என்னைத்தான் கேப்பினம்.”

“எந்தக் குடும்பம் எண்டு கேப்பினமோ அண்ணை?”

அவர் கதிரையை எடுத்து மற்றக் கதிரைகளின் மேல் வைத்தார். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ,” என்றார்.

நான் குடிக்காமல் வந்தேன். தொடர்வண்டியில் இருந்து யோசித்தேன். எதிரணி ஆளின் நக்கல் எனக்கு வலிக்கவில்லை. ஐஸ் உடைத்தது உண்மை. அந்த ஐஸ் உடைத்த கூலியில்தான் என் சப்பாத்து வந்தது. எதிரி எதிரியாக நடந்துகொண்டான். ஆனால் அந்த வாசலுக்குள் நான் வந்துவிட்டேன் என்று எனக்குச் சொன்னவர்கள், வாசலில் யாரோ சிரித்தவுடன் என்னைத் தெரியாதவர்களாகிவிட்டார்கள். அதற்குள் வருவதற்கு நான் எழுதிய பரீட்சையை அவர்களில் பாதிப்பேர் எழுதியதே இல்லை. தகப்பன் படித்தார் என்று சேர்ந்தவர்கள்.

அடுத்த கோடை நெருங்கும்போது தலைவர் தொலைபேசி எடுத்தார், ஒன்றும் நடக்காததைப் போல.

“பிள்ளை, இந்த முறையும் நீதான் பாட்டு. மூண்டு பத்தியும் வேணும். தூதரகத்தால ஒராள் வருவார் போல.”

“ஏலாது அண்ணை.”

“ஏன், சோதினையோ?”

“இல்லை. ஏலாது.”

“ஓ, சோதினை எண்டா படி, படி. படிப்புத்தான் முக்கியம்,” என்று வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளி கோயிலால் வந்த அம்மா, காலணியைக் கழற்றும்போதே சொன்னா: “எல்லாரும் கேக்கினம், மகளுக்குப் பெரிய சோதினையாமே எண்டு. தலைவர்தான் சொன்னவராம், பிள்ளை இந்த முறை வராது, படிக்குது எண்டு.”

“எனக்கு ஒரு சோதினையும் இல்லையம்மா.”

“தெரியும். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஏன் சொன்னனீங்கள்?”

அம்மா கதிரையில் இருந்தா. “அப்பிடியே இருக்கட்டும் பிள்ளை. மரியாதையா இருக்கு. நீ படிச்சிட்டாய், நாளைக்கு எங்கயும் போவாய். நானும் அப்பாவும் இந்தச் சனத்துக்குள்ளதானே இருக்க வேணும்.”

அம்மா சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் ஒரு விடயம் எனக்குத் தெளிவாகியது. நான் ஏலாது என்று சொன்னதையும் அவர் தனக்கு வசதியாக மாற்றிவிட்டார். நான் மூன்று பத்தி பாடினாலும் பாடாமல் விட்டாலும் அவர் சொல்வதுதான் கதையாகும். வீட்டில் இருந்தால் எனக்குச் சோதினை. அவ்வளவுதான்.

அதனால் போட்டி நாளன்று போனேன். தனியாகத்தான் போனேன். தம்பிக்கு அன்று வேறு ஆட்டம் இருந்தது. கொடி கொண்டுபோகவில்லை, கல்லூரி நிறத்தில் உடுக்கவும் இல்லை. எங்கள் அணி அப்போது நடுவட்டத்தில் வரிசையாக நின்றது. கீதத்தை யாரோ ஒரு சிறு பெண் தாளைப் பார்த்துப் பாடினாள். நல்ல குரல். அவர்கள் வெல்ல வேண்டும் என்றுதான் எனக்கு இன்னும் இருந்தது. அதுதான் எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. ஆனாலும் இருந்தது.

முதலில் என்னைக் கண்டது, கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு வந்த ஓர் அக்கா. எங்கள் கல்லூரியில் படித்த ஓர் அண்ணையின் மனைவி. எல்லோரோடும் கதைப்பவர், கேட்டதை எல்லோருக்கும் சொல்பவர்.

“அட, பாட்டுப் பிள்ளை! உனக்குச் சோதினை எண்டல்லோ சொன்னவை?”

“சோதினை ஒண்டும் இல்லை அக்கா.”

“அப்ப ஏன் நீ பாடேல்லை?”

“சொல்லுறன். கொஞ்சம் நேரம் எடுக்கும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கொத்துரொட்டித் தட்டை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். பக்கத்து மரவாங்கில் இருந்த பையைத் தள்ளி இடம் செய்தார். நான் அவர் வைத்துவிட்டு நிமிரும்வரை காத்திருந்தேன்.